கழுத்தின் மீது ஒரு பொய்வழக்கு

சென்ற இதழில் விரல்கள் மரத்துப்போவதைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. மேசையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கியபடி கட்டுரையாளர் யோசிக்கும் படத்தையும் தாராளமாகவே அச்சிட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவதை விளக்க வந்த அந்த நான்கு பக்கத்தில் ‘முழங்கை’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் எண்ணெய் தேய்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில். ராமாயணம் சொல்ல வந்தவர் ராமனைச் சத்திரத்திலேயே மறந்து விட்டுவிட்டு வந்த கதைதான்.

நான் திருப்பூரில் 22 ஆண்டுகளாகக் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிசியோதெரபிஸ்ட். பவர் டேபிளில் தைப்பவர்கள், கட்டிங் மாஸ்டர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், நாளெல்லாம் போனைக் காதில் அணைத்துக்கொண்டு ஆர்டர் பேசுகிறவர்கள் என்று என்னிடம் வருகிற கைகளுக்குக் குறைவில்லை. அந்தக் கைகளின் சார்பில் எழுதுகிறேன். குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்பரின் வாதத்தைத் திரிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டியவருக்குக் கடைசி இரண்டு விரல்கள் மதமதத்தால் அது கழுத்தெலும்புத் தேய்மானம். தேய்மானம் இல்லையென்றால் சத்துக்குறைவு. பி வைட்டமின் ஊசி பத்துப் போட்டுக்கொண்டு, கழுத்துக்குப் பட்டை கட்டி, தினமும் காலையில் தோப்புக்கரணம் போட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அழுத்தி நீவிவிட்டால் போதும். நரம்புப் பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் ஆஸ்பத்திரிகளின் வியாபாரம். உடம்புக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் உண்டு; ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுமையாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் நான்கு பக்கமும்.

இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

சின்ன வயதில் கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டு, சுண்டுவிரல்வரை சுரீரென்று கரண்ட் பாயாத மனிதர் உண்டா? அன்பருக்கும் பாய்ந்திருக்கும். அந்த நொடியில் இடிபட்டது எலும்பல்ல, நரம்பு. அல்நார் நரம்பு என்று பெயர். கழுத்தில் கிளம்பி, அக்குள் வழியாக இறங்கி, முழங்கையின் உட்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்தில் நுழைந்து, முன்கை வழியாக உள்ளங்கைக்குப் போகிறது. அதன் நெடும்பயணத்தில் தோலுக்கு இவ்வளவு அருகில், மெத்தை போலச் சதை எதுவும் இல்லாமல், எலும்பின் மேலேயே கிடக்கும் இடம் இது ஒன்றுதான். சந்துக்குத் தரை மூட்டின் தசைநார். கூரை ஒரு நார்ப்பட்டை. முழங்கையை மடக்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வளைவின் வெளிப்பக்கத்தில் கிடப்பதால் நரம்பு சில மில்லிமீட்டர் நீண்டாக வேண்டும். கூரைப்பட்டையோ இறுகி, சந்தை நெருக்குகிறது. நீளச் சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்தால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது?

இது நேற்று எவரோ ஆஸ்பத்திரி வருமானத்துக்காகக் கண்டுபிடித்த வியாதி அல்ல. முழங்கை மூட்டின் கோளாறு இந்த நரம்பைக் கெடுப்பதை 1878-இலேயே பாரிஸில் பனாஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். அந்தக் கூரைப்பட்டையை லிவர்பூலைச் சேர்ந்த ஆஸ்பர்ன் 1957-இல் குற்றவாளியாக அடையாளம் காட்டினார். பட்டைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு கனடாவில் ஃபைண்டல், ஸ்ட்ராட்ஃபர்ட் இருவரும் அந்தச் சந்துக்குக் கியூபிடல் டன்னல் என்று பெயர் வைத்தார்கள். கைநரம்புகள் நசுங்கும் நோய்களில் மணிக்கட்டில் வரும் கார்பல் டன்னலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இரண்டாமிடத்தில் இருப்பவரை விட்டுவிட்டு ஊரையே விசாரித்திருக்கிறார் அன்பர்.

சரி, கழுத்தா முழங்கையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்கேன் வேண்டாம், மெஷின் வேண்டாம், பைசா செலவில்லை. கையைக் கேட்டால் கையே சொல்லும். கட்டுரையாளர் கேட்கவே இல்லை.

மோதிரவிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி அல்நார் நரம்புக்குச் சொந்தம். நடுவிரல் பக்கத்துப் பாதி வேறொரு நரம்புக்கு. ஒரே விரலில் வரப்புப் போட்ட மாதிரி இரண்டு பட்டா. பஞ்சால் தடவிப் பார்க்கும்போது ஒரு பாதி உணர்கிறது, மறுபாதி மரத்திருக்கிறது என்று ஆள் சொன்னால், தகராறு கழுத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கழுத்திலிருந்து வரும் வேருக்கு விரலைப் பாதியாகப் பங்கு போடத் தெரியாது. அடுத்து, முன்கையின் உட்பக்கம். அல்நார் நரம்பு முன்கைத் தோலுக்கு உணர்ச்சி தருவதில்லை. அந்த வேலை வேறொரு சிறு நரம்புடையது. ஆக, மரப்பு மணிக்கட்டோடு நிற்கிறதா, முழங்கைவரை ஏறுகிறதா என்று கேட்க வேண்டும். ஏறினால் கழுத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். பிறகு புறங்கை. அதன் சுண்டுவிரல் ஓரம் மரத்திருந்தால், அடி மணிக்கட்டில் விழவில்லை, அதற்கு மேலேதான் எங்கோ விழுந்திருக்கிறது. ஏனென்றால் புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கடைசியாகக் கட்டைவிரல். உள்ளங்கையை வானம் பார்க்க வைத்து, கட்டைவிரலை நேரே மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பாருங்கள். அதைத் தூக்கும் தசை கழுத்தின் அதே வேரிலிருந்து வந்தாலும் அல்நார் வழியாக வருவதில்லை. அது திடமாக இருந்து மற்ற விரல்கள் சோர்ந்திருந்தால், கழுத்து நிரபராதி.

இந்த நான்கு கேள்விகளுக்கு மூன்று நிமிடம் ஆகும். நம் அன்பருக்கு நான்கு பக்கம் கிடைத்தது.

பலம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுக்க வேண்டும். அல்நார் நரம்பு சரியாக இருந்தால் கட்டைவிரல் நேராக நின்று பிடிக்கும். சோர்ந்திருந்தால் கட்டைவிரலின் நுனி மடங்கிக்கொள்ளும். வேறு நரம்பின் தசையைக் கடன் வாங்கிச் சமாளிக்கிறது என்று பொருள். அதோடு, சட்டைப் பையில் கையை விடும்போது சுண்டுவிரல் மட்டும் வெளியே தட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் கேட்பேன். ‘ஆமாங்க, அந்த ஒரு வெரல் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது’ என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! முழங்கையை முழுதாக மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மதமதப்பு வருகிறதா என்பதும் நல்ல சோதனைதான். சந்தின் மேல் தட்டிப் பார்ப்பதை மட்டும் தனியாக நம்ப மாட்டேன். நோயில்லாத பலருக்கும் தட்டினால் ஷாக் அடிக்கும்.

கழுத்தின் மீது வழக்குப் போட அவர் காட்டும் ஒரே சாட்சி எக்ஸ்ரே. அந்தச் சாட்சியின் லட்சணத்தைப் பார்ப்போம். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்துத் தட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்த இளைஞர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான். நாற்பது வயதுக்காரரின் கழுத்தைப் படம் பிடித்துத் தேய்மானம் தெரிகிறது என்பது, அவர் தலையைப் பார்த்து நரைமுடி இருக்கிறது, அதனால்தான் பல் வலிக்கிறது என்பதற்குச் சமம். குற்றம் நடந்த தெருவில் வீடு இருந்தாலே குற்றவாளி ஆகிவிட முடியுமா?

கழுத்தை நான் முழுதாக விடுவிக்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். கழுத்தைத் திருப்பினால் கைக்கு வலி இறங்குகிறவர்கள், முன்கையும் சேர்ந்து மரத்தவர்கள், கட்டைவிரலும் சோர்ந்தவர்கள் கழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பல வருடம் புகைபிடித்தவருக்குத் தோள்பட்டையில் ஓயாத வலியோடு சுண்டுவிரல் பக்கம் மரத்து, கண்ணிமையும் தொங்கினால் நுரையீரலின் உச்சியைப் படமெடுக்க வேண்டும். மரப்பே இல்லாமல் தசை மட்டும் கரைந்தால் அது வேறு துயரம்; நரம்பியல் மருத்துவரிடம் உடனே அனுப்புவேன். நெஞ்சு கனத்து, வியர்த்து, இடது கை மரத்தால் இந்தக் கட்டுரையைக் கீழே போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஊசி. பி12 குறைவால் நரம்பு கெடும் என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும், இரண்டு பக்கமும் சமமாக வரும். உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் வைட்டமின் குறைந்தால், வலது கையின் ஒன்றரை விரலை மட்டும் தேர்ந்தெடுத்து மரத்துப்போக வைக்கும் ரகசியத்தை அன்பர்தான் விளக்க வேண்டும். குறைவு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்து, இருந்தால் போடுங்கள். யார் வேண்டாம் என்றது? நம் ஊரில் ‘நரம்புக்குச் சத்து ஊசி’ என்று போடும் கலவைகளில் பல, பி6-ஐயும் சேர்த்தே கொண்டவை. அந்த பி6 அளவு மீறி மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால், அதுவே கைகால்களை மரக்கவைக்கும். மரப்புக்குப் போட்ட மருந்து மரப்பைக் கொண்டுவருகிறது. இந்தத் தகவலுக்கும் அவருடைய நான்கு பக்கத்தில் இடமில்லை.

தோப்புக்கரணத்துக்கு வருவோம். பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டவர் போடட்டும், தொடைக்கு நல்லதுதான். ஆனால் கையை எப்படி வைக்கிறோம்? முழங்கையை அடிவரை மடக்கி, காதைப் பிடித்துக்கொண்டு. மேலே நான் சொன்ன சோதனை, நோயைக் கிளப்பிப் பார்க்க முழங்கையை முழுதாக மடக்கிவைக்கும் சோதனை, அதுவேதான் இது. கண்டுபிடிக்கும் வழியைக் குணப்படுத்தும் வழி என்று எழுதியிருக்கிறார். முழங்கையிலிருந்து கீழே அழுத்தி நீவுவதோ அதற்கும் மேல். ஏற்கெனவே நசுங்கி வீங்கிக் கிடக்கிற நரம்பை, எலும்பின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அரைப்பது. சுளுக்கு எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் நீவினால் மன்னிக்கலாம். பத்திரிகையில் எழுதுகிறவரை எப்படி மன்னிப்பது?

சென்ற ஆண்டு ஒரு பவர் டேபிள் டெய்லர் வந்தார். 46 வயது. கழுத்தில் பட்டை கட்டியிருந்தார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் இங்கே எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான்.

“எத்தன நாளா இருக்குதுங்கண்ணா?”

“எட்டு மாசமாச்சுங்க டாக்டரம்மா. கழுத்துத் தேய்மானம்னாங்க. ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு நல்லாத்தானுங்க இருக்குது. அப்பறம் பழையபடியே.”

கையை மேசைமேல் வைக்கச் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் சதை மேடாக இருக்க வேண்டிய இடம் குழியாகிக் கிடந்தது. விரல் எலும்புகளுக்கு இடையிலெல்லாம் வாய்க்கால் வெட்டியது போலப் பள்ளம். சூம்பத் தொடங்கிய கை. கேட்டபோது ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் மூன்று மாதம் ராத்திரியில் மட்டும் மதமதத்தது. எழுந்து கையை நீட்டி உதறினால் போய்விடும். பிறகு பகலிலும். பிறகு எப்போதுமே. கத்தரிக்கோல் நழுவியது. வீட்டுச் சாவியைத் திருக இடது கை தேவைப்பட்டது. துணியின் விளிம்பைக் கட்டைவிரலால் பிடித்து ஊசிக்குள் தள்ளும் அந்த நுணுக்கமான பிடி போனதும் பீஸ்ரேட் வருமானம் பாதியானது. எட்டு மாதத்தில் அவரை மூன்று இடத்தில் பார்த்திருக்கிறார்கள். கழுத்துக்கு இழுவை வைத்திருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள். “முழங்கைய யாராச்சும் தொட்டுப் பாத்தாங்களா?” என்றேன். யோசித்தார். “இல்லீங்க. கைய யாருமே தொடலீங்க” என்றார்.

அவரை வேலை செய்கிற மாதிரி உட்காரச் சொன்னேன். முழங்கை மடங்கியபடியே மேசை விளிம்பில் அழுந்துகிறது. ஷிப்டுக்கு ஷிப்ட், வருடக்கணக்காக. ராத்திரியில் கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிற பழக்கம் வேறு. முதல் மூன்று மாதத்துக்குள் யாராவது இதைப் பார்த்திருந்தால், மேசை விளிம்பில் ஒரு ஸ்பாஞ்சும் ராத்திரிக்கு ஒரு பழைய துண்டும் போதுமாக இருந்திருக்கும்.

துண்டு என்று நான் சொல்வது உருவகமில்லை. தடித்த பருத்தித் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டி, டேப் ஒட்டிக்கொண்டு படுப்பது. கை முழுதாக மடங்க முடியாது. லேசாக வளைந்த நிலையில் நரம்பு நிம்மதியாகக் கிடக்கும். பகலில் முழங்கையை எதிலும் ஊன்றாமல் இருப்பது, போனைக் காதில் வைக்காமல் இயர்போன் மாட்டுவது. லாரி ஓட்டுகிறவரானால் வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் போட்டுக்கொண்டு நாமக்கல்லிலிருந்து நாக்பூர்வரை போகாமல் இருப்பது. ஸ்வீடனில் இப்படி லேசான, நடுத்தர நிலையில் இருந்த 70 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு இரவுப் பட்டை, ஒரு பிரிவுக்கு நரம்பை வழுக்கவிடும் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு எதைச் செய்யக் கூடாது என்ற விளக்கம் மட்டும். ஆறு மாதம்வரை தொடர்ந்து வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. என் தொழிலுக்குக் கொஞ்சம் அவமானமான முடிவுதான். நான் கற்றுக்கொடுக்கும் பயிற்சியும் வெறும் பேச்சும் ஒரே பலன் தந்திருக்கின்றன. ஆனால் பேச்சு சரியான பேச்சாக இருக்க வேண்டும். முழங்கையைப் பற்றிய பேச்சாக.

இங்கேதான் அன்பருடைய கால்வாசி உண்மை இருக்கிறது. விட்டுவிட்டு வருகிற மதமதப்பு, பலம் குறையவில்லை, சதை கரையவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் காரணத்தை நீக்கிவிட்டுப் பொறுத்திருப்பது வேறு, காரணத்தின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு பொறுத்திருப்பது வேறு. முதலாவதற்கு ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் கொடுக்கலாம். இரண்டாவதற்கு ஒரு வருடம் கொடுக்கச் சொல்கிறார்.

அந்த ஒரு வருடத்தின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அறுந்த, சிதைந்த நரம்பிழை திரும்ப வளரும் வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகள்வரை 25 முதல் 30 சென்டிமீட்டர். நெருக்கடியை இன்றைக்கே நீக்கினாலும், இழை ஊர்ந்து ஊர்ந்து கைக்கு வந்துசேர எட்டு முதல் பத்து மாதம் ஆகும். நரம்பில்லாத தசையோ என்றென்றைக்கும் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் அது நாராகிப்போகத் தொடங்கும். அப்புறம் நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆளில்லை. அதனால்தான் எப்போதும் மரத்திருக்கிற, பிடி தளர்ந்த, சதை குழிந்த கையை ஒரு நாளும் பொறுத்திருக்கச் சொல்ல மாட்டேன். உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பவர், எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

பரிசோதனையும் அறுவையும் வியாபாரம் என்ற குற்றச்சாட்டு. என்.சி.வி. டெஸ்டில் நரம்பின் வழியே மின்துடிப்பு போகும் வேகத்தை அளக்கிறார்கள். முன்கையில் வேகமாக ஓடும் துடிப்பு முழங்கையைக் கடக்கும்போது மட்டும் நொண்டினால், இடம் உறுதி. ஆரம்ப நிலையில் இந்தச் சோதனை ஒழுங்காகவே காட்டலாம். அதனால் நோயாளி பொய் சொல்கிறார் என்று ஆகாது. அறுவையில் எளியது, அந்த ஆஸ்பர்ன் பட்டையை வெட்டிச் சந்தைத் திறந்துவிடுவது. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நரம்பைச் சந்திலிருந்து எடுத்து முழங்கையின் முன்பக்கம் மாற்றிவைக்கும் பெரிய அறுவையும் உண்டு, 1898-லிருந்தே செய்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து அலசிய காக்ரேன் அறிக்கை, பலனில் வேறுபாடில்லை, பெரிய அறுவையில் புண் சீழ்பிடிப்பதுதான் அதிகம் என்கிறது. ஆக, எளிய அறுவை போதுமான இடத்தில் பெரியதைச் செய்து பில்லைப் பெரிதாக்குகிறார்கள் என்று எழுதியிருந்தால் நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். சந்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவதைக் கேள்வி கேட்டிருந்தாலும் சரிதான். நெதர்லாந்தில் அதை வெற்று ஊசியோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அந்த மாதிரிக் குறிப்பான குற்றச்சாட்டுக்கு உழைப்பு வேண்டும். மொத்தமாக எல்லாம் வியாபாரம் என்று சொல்ல எதுவும் வேண்டாம். பத்து ஊசியும் யாரோ காசுக்குத்தான் விற்கிறார்கள் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அவர் மறந்த இன்னொன்றை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, சுண்டுவிரல் மரத்துப்போவதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, தொழுநோய் என்ற சொல்லே இல்லாமல் ஒருவரால் எப்படி முடிக்க முடிந்தது? தொழுநோய்க் கிருமி மிக அதிகமாகத் தாக்கும் நரம்புகளில் முதன்மையானது இதே அல்நார்தான், அதுவும் இதே முழங்கைக்குச் சற்று மேலே. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, இந்த நரம்பு செத்ததால் நகம்போல் வளைந்துபோன கைகளைத்தான் தசைநாண்களை மாற்றித் தைத்துத் திரும்ப வேலைசெய்ய வைத்தார். உலகத்துக்கே அந்த வித்தை நம்மூரிலிருந்து போனது. 2005-இன் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. நோய் ஒழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆண்டுதோறும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்னும் இந்தியர்கள்தான்.

அதனால் என் மேசைக்கு வரும் ஒவ்வொரு சுண்டுவிரலுக்கும், முழங்கைக்கு மேலே நரம்பைத் தடவி, கயிறுபோல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். உடம்பில் உணர்ச்சியில்லாத, நிறம் வெளுத்த தேமல் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் அரசு ஆரம்பச் சுகாதார நிலையம், மருந்து இலவசம். நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் இழந்த பலம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. அன்பரின் கணக்குப்படி அந்த ஆறு மாதமும் ஊசியிலும் எண்ணெயிலும் போயிருக்கும்.

இன்னொரு வகைக் கைகளும் வருகின்றன. ஆறு வயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கையின் வெளிப்பக்க எலும்பை முறித்துக்கொண்டு, சரியாகச் சேராமல், கை வெளிப்புறமாகக் கோணிக்கொண்டே வளர்ந்தவர்கள். முப்பது வருடம் எந்தக் குறையும் தெரியாது. நாற்பதில் சுண்டுவிரல் மரக்கும். கோணல் கை நரம்பை அத்தனை வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவந்திருக்கிறது. அவர்களும் நாற்பதைத் தாண்டியவர்கள்தான். அவர்கள் கழுத்திலும் தேய்மானம் இருக்கத்தான் செய்யும்.

டெய்லர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். பட்டையை வெட்டித் திறந்துவிட்டார்கள். இரண்டாவது வாரத்திலேயே ராத்திரித் தூக்கம் திரும்பியது. ஐந்தாவது மாதத்தில் சுண்டுவிரலில் பஞ்சு தெரிந்தது. கட்டைவிரல் பக்கத்துக் குழி இன்னும் குழிதான். பாதி நிரம்பலாம், நிரம்பாமலும் போகலாம். அவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது செக்கிங் பிரிவில் உட்கார்கிறார், சம்பளம் குறைவு. போன வாரம் இந்தப் பத்திரிகையை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். “பாருங்க டாக்டரம்மா, எனக்குச் சொன்னதையே அச்சடிச்சுப் போட்டிருக்காங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கடைசியாக அந்தப் படம். கன்னத்தைத் தாங்கிய கை, மரமேசையில் ஊன்றிய முழங்கை, மடக்கின் அளவு ஏறத்தாழ முழுசு. யோசிக்கும்போதெல்லாம் அன்பர் அப்படித்தான் உட்காருவாரென்றால், யாராவது அவரிடம் சுண்டுவிரலைப் பற்றிக் கொஞ்சம் விசாரியுங்கள். மதமதப்பு இருக்கிறது என்றால் ஊசிக்கு முன்னால் எனக்குத் தெரிவியுங்கள். நல்ல தடித்த துண்டாக ஒன்று இங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன்.